குத்தூசி டிலிஸ்

கம்பியை இறக்குவதற்கு முன் டிலிஸ் அம்மாள் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, வாயில் இருக்கும் இஞ்சி பிஸ்கட்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். பிறகு இரண்டு கையாலும் பிடியைப் பற்றி, உடம்புப் பாரத்தை மெல்லச் சாய்ப்பார். கம்பி மண்ணுக்குள் போகப் போகக் கண் தானாக மூடிக்கொள்ளும். சரசரவென்று போனால் மணல். பிடித்துப் பிடித்து விட்டால் களிமண். 'நறுக்' என்றால் சிப்பி. 'டக்' என்றால் கல். அதிலும் ஆற்றில் கிடந்த கல்லுக்கு ஒரு 'டக்', நெருப்பில் வெந்து விரிசல் விட்ட கல்லுக்கு வேறொரு 'டக்'. நம் காதுக்கு வித்தியாசம் தெரியாது. அவர் காதுக்கும் தெரியாதாம். "உள்ளங்கைக்குத் தெரியும்" என்பார். கம்பியை உருவி, நுனியில் ஒட்டிய மண்ணை எச்சில் தொட்டு உருட்டி, "ஒன்னுமில்ல" என்று ஆற்றைப் பார்த்து அறிவித்துவிட்டு ஒரு எட்டு தள்ளி நிற்பார். கன்னத்துப் பிஸ்கட் மறுபடி மெல்லப்படும்.

நெல் மூட்டையில் குத்திப் பார்க்கிற வியாபாரியின் குத்தூசியை மார்பு உயரத்துக்கு நீட்டி, மேலே குறுக்காக ஒரு பிடி வைத்தால் அதுதான் டிலிஸின் கம்பி. மங்காதேரே பள்ளத்தாக்கில் அவர் வந்து இறங்கிய அன்றைக்கே பெயர் வைத்தாகிவிட்டது: குத்தூசி டிலிஸ். காதில் விழுந்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை. "போன ஊர்ல கிளறுகோழின்னு கூப்பிட்டாங்க. இது எவ்வளவோ தேவல" என்றார்.

எங்கேயாவது ஒரு பழைய பாலத்தைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்றால், மண் தோண்டும் இயந்திரத்துக்கு முன்னால் டிலிஸின் சேறு பூசிய வெள்ளை வண்டி வந்து நிற்கும். பாலத்தின் இரண்டு முனையிலும், புதுச் சாலை வளைந்து வரும் வயலிலும், பழைய மனிதர்கள் விட்டுப்போன அடுப்போ சிப்பிக் குவியலோ எலும்போ மண்ணுக்குள் கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில். ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் ஆண்டுக்கு முந்தியது கிடைத்தால் சட்டம் வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும். அனுமதி, ஆய்வு என்று மாதக்கணக்கில் வேலை நிற்கும். பிந்தியது என்றால் வெறும் குப்பை, அள்ளிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

வேலியோரம் வண்டியை நிறுத்துகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். டைனோசர் கிடைச்சுதா? "கிடைச்சுது, பின்சீட்ல உக்கார வச்சிருக்கேன்" என்பார் டிலிஸ். எட்டிப் பார்த்தால் அங்கே அவருடைய கிழட்டு நாய் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். எலும்பைக் கண்டால் தூக்கிக்கொண்டு ஓடாத நாய் உலகத்தில் இது ஒன்றுதான். பல் இல்லை.

உண்மையில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றுமில்லாததுதான். ஆணி, உடைந்த பீங்கான், யாரோ தொலைத்த லாடம். அதற்காக அவர் முகம் வாடி யாரும் பார்த்ததில்லை. "இருக்குன்னு எந்தக் கழுதையும் சொல்லும், அதான் கண்ணுக்குத் தெரியுதுல்ல. இல்லேன்னு சொல்லத்தான் முட்டி தேயணும்" என்பார். அவர் முட்டி தேய்ந்ததுதான். இரண்டு முழங்காலிலும் தோல் பட்டை கட்டியிருப்பார். எழுந்திருக்கும்போது இரண்டும் தனித்தனியாகச் சத்தம் போடும். எலும்பா கல்லா என்று சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்ப்பார். எலும்பு ஒட்டும், கல் ஒட்டாது. இதைப் பார்த்த பிறகு அவர் நீட்டுகிற பிஸ்கட்டை வாங்க ஊரில் பாதிப் பேருக்கு மனம் வரவில்லை.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. குத்திய இடத்தில் மறுபடி குத்த மாட்டார். பாலம் கட்டும் குழுவின் மேற்பார்வையாளர் கிளைவ், நகரத்துக்காரர், அவசரக்காரர். ஒருநாள் ஒரு துளையைக் காட்டி, "இதையும் இன்னொரு தரம் பாத்துடுங்களேன், பின்னாடி பிரச்சினை வேணாம்" என்று சொல்லிவிட்டார். டிலிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "குத்தின எடத்த ரெண்டாந்தரம் குத்துறவ தன் கைய நம்பாதவ. எனக்கு இந்தக் கைய விட்டா வேற யாரு இருக்கா?"

இருந்தார் ஒருவர். கணவர், காப்பீடு விற்றவர். ஒரு படகு வாங்கிக்கொண்டு வடக்கே போனவர் திரும்பவில்லை. மண்ணைத் தோண்டிக் கண்டுபிடிக்கிற ஆள், புருஷனைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லையா என்று ஊரில் ஒருவர் வாய் கூசாமல் கேட்டார். யார் என்று இங்கே எழுத வேண்டாம். டிலிஸ் தேநீரை ஊதிக்கொண்டே பதில் சொன்னார்: "மேல்மட்டத்துலயே கிடந்த மனுஷன். தோண்டறதுக்கு ஒன்னுமில்ல."

இந்த நாட்டின் பூர்வகுடிகள், ஆற்றங்கரை மண்ணுக்குச் சொந்தக்காரர்களான மாவோரிக் குலத்தின் சார்பில், தோண்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள ரிப்பெக்கா அத்தை வந்திருந்தார். ஊருக்கே அத்தை. ஒரு மடக்கு நாற்காலி, ஒரு குடை, ஈ அடிக்க ஒரு மட்டை. காலையில் மண்ணைத் தொடுவதற்கு முன் அவர்தான் பிரார்த்தனை சொல்வார். சாயங்காலம் எல்லாரும் கை கழுவத் தண்ணீர் ஊற்றுவதும் அவர்தான். கழுவாமல் யாரும் வண்டி ஏறக்கூடாது, மண்ணுக்குள் இருப்பவர்களைக் கூடவே வீட்டுக்குக் கூட்டிப்போன மாதிரி ஆகிவிடும். மற்ற நேரமெல்லாம் சிரிப்புதான். சாவு வீட்டிலும் ஒரு மூலையில் அத்தையைச் சுற்றி ஒரு கும்பல் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கும். டிலிஸுக்கும் அவருக்கும் முதல் நாளே ஒத்துப்போய்விட்டது.

"என்னடி, எங்க பாட்டன் மண்ணத் தின்னுக்கிட்டே இருக்க? காலைல வீட்ல ஒன்னும் செய்யலியா?"

"செஞ்சேன்க்கா. இது தொட்டுக்க. உப்புதான் கம்மி."

"எங்க பாட்டனுக்கு ரத்தக்கொதிப்பு. அதான்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அக்கரை மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

அந்த மாடுகள் லின்ட்சேயுடையவை. பாலமும் அவருக்காகத்தான் என்று சொன்னால் தப்பில்லை. இப்போது இருக்கும் பாலம் மரப் பாலம், ஒரு வண்டி மட்டும் போகலாம். தூண் உளுத்துப் போனதால் கனரக வண்டி ஏறக்கூடாது என்று பலகை வைத்துவிட்டார்கள். பால் லாரி இக்கரையோடு நின்றுவிடும். லின்ட்சே டிராக்டருக்குப் பின்னால் சின்னத் தொட்டியைக் கட்டி, கறந்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலம் தாண்டிக் கொண்டுவந்து ஊற்றுவார். இந்தப் பருவம்தான் கடைசி, அடுத்த பருவத்துக்குள் லாரி கொட்டகை வாசல் வரைக்கும் வர முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பால் கம்பெனி சொல்லிவிட்டது. ஆற்றில் இறங்கி வேலை செய்ய வெயில் காலத்தை விட்டால் வழியில்லை. இந்த வெயிலுக்குள் தூண் நடவில்லை என்றால் அடுத்த வெயில். அதற்குள் மாடுகள் சந்தைக்குப் போயிருக்கும். லின்ட்சேக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. மாடுகள்தான். ஒவ்வொன்றுக்கும் பெண் பெயர். ஊரில் இருக்கிற எந்தப் பெண்ணின் பெயரும் வந்துவிடாமல் பார்த்து வைத்த பெயர்கள்.

புதுப் பாலம் பழையதற்குக் கொஞ்சம் மேலே, லின்ட்சேயின் ஆற்றோர வயலில் போய் இறங்கும்படி குறித்திருந்தார்கள். கரையெல்லாம் 'ஒன்னுமில்ல' என்று ஆன பிறகு டிலிஸ் அந்த வயலுக்குள் வந்தார். ஒரு மத்தியானம், கம்பி முழங்கை ஆழம் போனதும் நின்றது. டிலிஸ் கண் திறக்கவில்லை. ஒரு எட்டு தள்ளிக் குத்தினார். அங்கேயும் நின்றது. இன்னொரு எட்டு. கம்பி நுனியில் கரி. மண்ணை நாக்கில் வைத்தார். பிஸ்கட்டைத் துப்பினார். அதை அவர் துப்பி அன்றுதான் பார்த்தார்கள்.

"கிளைவ், மிஷின அந்தப் பக்கம் நிறுத்துங்க. இங்க அடுப்பு இருக்கு."

ஹாங்கி அடுப்பு. குழி வெட்டி, கல்லைப் பழுக்கச் சுட்டு, அதன்மேல் கூடை கூடையாகக் கறியும் கிழங்கும் அடுக்கி, இலையும் ஈரச் சாக்கும் போர்த்தி, மண்ணைத் தள்ளி மூடிவிடுவது. சில மணி நேரம் கழித்துத் திறந்தால் ஊரே சாப்பிடலாம். முன்னோர் காலத்திலும் இப்படித்தான், போன மாதம் ஊரில் நடந்த பிறந்தநாள் விருந்திலும் இப்படித்தான். கிளைவ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

டிலிஸ் ஒரு குழியை ஒரேயடியாகத் திறந்துவிட மாட்டார். நடுவில் நூல் பிடித்து, ஒரு பாதியை மட்டும் தோண்டி, மறுபாதியை மூடியபடி விட்டுவிடுவார். கேக்கை வெட்டினால் அடுக்கு தெரிவதைப் போல, வெட்டிய முகத்தில் எது முதலில் விழுந்தது, எது பிறகு விழுந்தது என்று தெரியும். முட்டி போட்டு, தூரிகையும் சின்னக் கரண்டியுமாக அவர் அந்தப் பாதியைத் திறந்து முடிப்பதற்குள் செய்தி பள்ளத்தாக்கு முழுக்கப் போய்விட்டது. வேலை இருப்பவர்கள், இல்லாதவர்கள், எல்லாரும் வந்து வேலியில் கை போட்டு நின்றார்கள். லின்ட்சே டிராக்டரை அணைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தார். ரிப்பெக்கா அத்தை நாற்காலியை இழுத்துக் குழி விளிம்பில் போட்டுக்கொண்டார்.

டிலிஸுக்குத் தொழிலில் உற்சாகம் வந்துவிட்டால் சத்தமாகப் பேசுவார்.

"கல்லெல்லாம் ஆத்துக் கல்லு, பொறுக்கி எடுத்தது. இப்பப் போடற மாதிரி தண்டவாள இரும்பு இல்ல, கம்பிக் கூடை இல்ல. நார்க்கூடை. இங்க பாருங்க, பின்னல் அச்சு மண்ணுல அப்படியே இருக்கு. பழைய கைவேல." கரண்டி நுனியால் காட்டினார். "ஆட்டுத் தொடை. எலும்பு கோத்தபடியே இருக்கு, கழண்டு விழல. வெட்டுத்தடம் இல்ல, கடிச்ச தடம் இல்ல. இது பன்னி விலா, இதுவும் அப்படியே. கூடைகூட வச்ச எடத்துலதான் இருக்கு." அவர் குரல் தணிந்தது. "மூடினவங்க தெறக்கவே இல்ல. யாரும் சாப்பிடாத விருந்து இது."

"சமையல் அவ்வளவு மோசமா?" என்றார் கிளைவ்.

ஒருவரும் சிரிக்கவில்லை. வேலியில் நின்றவர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். டைனோசர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. டிலிஸ் நிமிர்ந்து ரிப்பெக்கா அத்தையைப் பார்த்தார். அத்தையின் முகத்தில் சிரிப்பு இல்லை. ஈ மட்டையை மடியில் வைத்து, அதன் காம்பை நீவிக்கொண்டிருந்தார். டிராக்டர் உறுமியது. லின்ட்சே பாலத்தைப் பார்த்துப் போய்விட்டார்.

மண்ணுக்குள் எங்கே நறுக்கென்று மாறுகிறது என்று உள்ளங்கையால் கண்டுபிடிக்கிற ஆளுக்கு இதுவா தெரியாது? தோண்டக்கூடாத எதையோ வாயால் தோண்டிவிட்டோம் என்று டிலிஸுக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. கழுத்து வரை சிவந்துபோய் மறுபடி குழிக்குள் குனிந்துகொண்டார்.

கிளைவுக்குப் புரியவில்லை. "பழசா, புதுசா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரியல."

"ஆடு பன்னியெல்லாம் வெள்ளைக்காரங்க கொண்டுவந்ததுதானே? அப்பப் புதுசுதானே?"

"அவங்க வந்தும் ரொம்ப நாளாச்சு, கிளைவ். தொள்ளாயிரத்துக்கு முன்னாடியும் ஆடு தின்னாங்க. கரியச் சோதனைச்சாலைக்கு அனுப்பணும்."

"எப்ப பதில் வரும்?"

"மழ காலத்துல."

கிளைவ் போனை எடுத்துக்கொண்டு தூரமாகப் போனார். கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது.

டிலிஸ் வண்டியில் சல்லடையை ஏற்றிக்கொண்டிருந்தபோது ரிப்பெக்கா அத்தை வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

"புதுசுதான்டி. எழுதிக்கோ. நான் சொல்றேன்."

"எப்படித் தெரியும்க்கா?"

"தெரியும்."

"யாரு போட்ட குழி?"

அத்தை ஆற்றைப் பார்த்தார். "அது நான் சொல்லுற கத இல்ல."

"அப்ப நானும் கேக்குற ஆளு இல்ல."

"அப்ப பாலம்?"

"அடுத்த வெயிலுக்கு."

"அவன் மாட்டையெல்லாம் வித்துருவான்டி! மண்ணத் தின்னு தின்னு உனக்கு நெஞ்சும் கல்லாப் போச்சா?"

டிலிஸ் சல்லடையைக் கீழே வைத்தார். "பேரு இல்லாத பேச்ச நம்பி நான் புதுசுன்னு சொல்றேன்னு வைங்க. அடுத்த ஆத்தங்கரைல உங்க பாட்டன் போட்ட அடுப்பையே ஒருத்தன் காட்டி, 'நேத்து போட்டது, யாரோ சொன்னாங்க'ன்னு மிஷின எறக்குவான். அன்னிக்கு யார்க்கா வந்து இல்லேன்னு சொல்றது? அப்ப என் வாய்க்கு என்ன மதிப்பு இருக்கும்?"

அத்தை புட்டியைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினார். டிலிஸ் கை கழுவினார். கதவைச் சாத்துவதற்கு முன் அத்தை சொன்னது இவ்வளவுதான்: "பாவி, நீ சொல்றதும் சரியாத்தான் இருக்கு."

எல்லாருக்கும் தெரிந்த, ஒருவரும் சொல்லாத கதை என்று ஒவ்வொரு ஊரிலும் ஒன்று இருக்கும். இதை எழுதலாமா என்று கேட்டபோது, "ஆறிப்போன பாலு, ஊத்திக்க" என்று லின்ட்சே கையை ஆட்டிவிட்டார். அதனால் எழுதலாம்.

லின்ட்சே இளைஞராக இருந்தபோது அவருக்கும் ரிப்பெக்காவின் அக்கா மராமாவுக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஆற்றோர வயலில்தான் விருந்து. மராமாவின் அப்பா பெரிய ஹாங்கிக்காரர். மகள் கல்யாணத்துக்கு இரும்பும் கம்பியும் கூடாது, பாட்டன்மார் போட்ட மாதிரிதான் போடுவேன் என்று தானே கல் பொறுக்கி, கூடை பின்னி, குழி வெட்டினார். லின்ட்சேயின் அம்மாவும் தன் பங்குக்கு ஏதேதோ கொண்டுவந்து வைத்தார். கறி அடுக்கி, மண் தள்ளி மூடியாயிற்று. பெண்ணைக் கூட்டிவரப் போனார்கள். பெண் இல்லை. விடியற்காலைப் பால் லாரியில் ஏறி, ஒற்றைப் பையோடு, பாலத்தைத் தாண்டிப் போயிருந்தாள். அன்றைக்கு அந்தப் பாலம் பால் லாரியைத் தாங்கும். ஆஸ்திரேலியாவில் போய்த்தான் நின்றாள்.

குழியைத் திறக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். மராமாவின் அப்பா, சோறு வீணாக்குவது என்றால் பாவம் என்று நினைக்கிற மனிதர், "தொடாதீங்க" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அந்த மழைக்காலத்தில் வெள்ளம் வந்து வயலை வண்டலால் மூடியது. குழியை ஆறு கொண்டுபோய்விட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள், லின்ட்சே உள்பட. அப்பா இருந்தவரை அவருக்குப் பயந்து யாரும் பேசவில்லை. அவர் போன பிறகு லின்ட்சேயைப் பார்த்துப் பேசவில்லை. வம்புக்கு அலைகிற இந்தப் பள்ளத்தாக்கே, இந்த ஒரு வம்பை மட்டும் வாய்க்குள் பூட்டி வைத்திருந்தது.

மறுநாள் காலை கறவை முடிந்த நேரம். கிளைவ் ஆட்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அக்கரையில் கத்திக்கொண்டிருந்தார். ரிப்பெக்கா அத்தை பிரார்த்தனையை முடித்துவிட்டு, நாற்காலியை வழக்கத்தைவிடத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிலிஸ் குழிக்குள் முட்டி போட்டுச் சின்ன எலும்புகளைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தார். விளிம்பில் ரப்பர் பூட்ஸ் இரண்டு வந்து நின்றன.

"டாக்டரம்மா."

"டாக்டரெல்லாம் இல்லங்க. சொல்லுங்க."

லின்ட்சேயின் பூட்ஸ் மாறி மாறி நின்றது. "என்னென்ன இருக்கு?" என்றார்.

"ஆடு. பன்னி. கொஞ்சம் கோழி."

"கோழி வைக்க வேணாம்னுதான் எங்கம்மா சொன்னாங்க. காஞ்சுபோகும்னு."

தூரிகை நின்றது. பிறகு மறுபடி அசைந்தது. எப்படித் தெரியும், யார், எப்போது என்று கேட்டுத்தான் டிலிஸ் இத்தனை வருஷம் பிழைத்திருக்கிறார். அந்தக் கேள்விகள் அத்தனையும் நாக்கு நுனியில் வந்து நின்றிருக்கும். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோழி எலும்பு ஒன்றை இன்னும் கொஞ்சம் மெதுவாகத் துடைத்தார்.

லின்ட்சே குனிந்து மூடிய பாதியைக் காட்டினார். "இந்தப் பாதியத் தெறக்கலியா?"

"தெறக்கறதில்ல."

"தெறந்து பாருங்க. ஆத்துப் பக்கத்து மூல. புட்டிங் ஒன்னு இருக்கும், துணில கட்டினது. அதுக்குள்ள காசு இருக்கும். ராஜா தல போட்ட வெள்ளிக் காசு. யாரு தட்டுல விழுதோ அவங்களுக்கு அதிர்ஷ்டம்னு..."

டிலிஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எவ்வளவு பெரிய புட்டிங்?"

லின்ட்சே இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "கன்னுக்குட்டித் தல அளவு."

"சரி."

டிலிஸ் நூலை அவிழ்த்தார். வண்டல், கரி, இலை மக்கிய கறுப்பு, எல்லாவற்றையும் ஒவ்வொரு அடுக்காக, நேற்று செய்த அதே நிதானத்தோடு எடுத்தார். லின்ட்சே சொன்ன மூலைக்கு அவசரமாகப் போய்விடவில்லை, வரிசைப்படிதான் போனார். லின்ட்சே மாடுகளை மறந்து அங்கேயே நின்றார். கடைசியில் அந்த மூலையில், கன்றுக்குட்டித் தலை அளவுக்கு, எண்ணெய்ப் பிசுக்காக ஒரு கறுப்புத் திட்டு. கரண்டி நுனி அதற்குள் போய் 'கிணிங்' என்றது.

டிலிஸ் அதை விரலால் எடுத்து, வாயில் போட்டு, கன்னத்தில் ஒதுக்கிச் சப்பி, வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்தார். ராஜா பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபக்கத்தில் இந்த நாட்டின் பெயர். இந்த நாடு தன் பெயரில் காசு அடிக்க ஆரம்பித்ததே தொள்ளாயிரத்துக்கு வெகு நாள் பிறகு.

முட்டி இரண்டும் சத்தம் போட எழுந்து, கையை வாயில் குவித்து அக்கரைக்குக் கத்தினார். "கிளைவ்! புதுசு! பாலத்தக் கட்டுங்க!"

"நேத்து தெரியலன்னீங்க?"

"நேத்து காசு கிடைக்கல!"

அக்கரையில் யாரோ விசில் அடித்தார்கள். இயந்திரம் ஒன்று இருமிக்கொண்டு எழுந்தது. கிளைவ் இன்னும் ஏதோ கேட்டார், அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் டிலிஸ் சொல்லியிருக்க மாட்டார். காசு சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. அதற்கு மேல் யாரும் வாய் திறக்க வேண்டிய அவசியம் இல்லை.

ரிப்பெக்கா அத்தை தண்ணீர்ப் புட்டியோடு வந்தார். டிலிஸ் கையில் ஊற்றினார். பிறகு, வழக்கமில்லாத வழக்கமாக, லின்ட்சேயின் பக்கம் திரும்பிப் புட்டியை நீட்டினார். "நீயும் கழுவு, மச்சான்."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து லின்ட்சே கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ. கையை நீட்டினார். தண்ணீர் விழுந்தது. ஈரக் கை உலர்வதற்குள் டிலிஸ் அந்தக் காசை அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். "குப்பைதான், சட்டப்படி. வயல்காரருக்குத்தான் சொந்தம்."

லின்ட்சே மூடிய கையைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் இருந்த அத்தையிடம் கேட்டார்: "அவ நல்லாருக்காளா?"

"இடுப்புவலி. பேரப்பிள்ளைங்க வந்து ஏறி மிதிக்குதுங்க."

"மாடு ஏதும் வளக்குறாளா?"

"நாய்கூட இல்ல." அத்தையின் தோள் குலுங்க ஆரம்பித்தது. "அவளுக்கு உன்னப் பிடிச்சுதுய்யா. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு மாட்டு மடியக் கழுவறதத்தான் நெனச்சே பாக்க முடியல. அத உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் லாரி ஏறிட்டா. ஏறினதும் பால் லாரில!"

லின்ட்சேயிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா வேறெதுவுமா என்று திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். டிலிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. ஏற்கெனவே கம்பியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தார். முதல் நாளே 'ஒன்னுமில்ல' என்று சொல்லி முடித்த கரைக்குப் போய், இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டி நின்று, புல்லை விலக்கித் தன் பழைய துளை ஒன்றைத் தேடி எடுத்தார். அதிலேயே கம்பியை இறக்கினார். உருவி, நுனியைத் துடைத்துவிட்டு, அதே துளையில் மறுபடியும் இறக்கினார்.